போயும் போயும் அந்த ஏரியாவிலா?

சனிக்கிழமை விருந்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். "இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, போயும் போயும் அந்த ஏரியாவிலா வீடு பிடித்தீர்கள்?" என்று அந்த அண்ணன் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 47 வயது. 25 வயதில் நாடு மாறுகிறவருக்கு ஏரியா பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். எங்களோடு பதினைந்து வயது மகள், என் முழங்கால் வலி, இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் சேர்ந்தல்லவா கிளம்ப வேண்டும்? அதனால் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வாசலை விட்டு இறங்கினால், நடந்து போகிற தூரத்தில் என்ன இருக்கிறது?

என் கணவர் காலை 8 மணிக்குக் கிளம்பினால் இரவு 7 மணிக்குத்தான் வருவார். அவருக்கு ஏரியா என்பது தூங்குகிற இடம். மீதி 11 மணி நேரம் அங்கே இருக்கப்போவது நான். அந்த அண்ணன் வீட்டில் அண்ணி. வீடு பார்க்கும்போது அண்ணியிடம் யாராவது கேட்டார்களா? (கேட்டுப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.)

"நல்ல ஏரியா"வில் நாங்களும், இந்த ஏரியாவுக்கு வருவதற்கு முன், 7 மாதம் இருந்தோம். வந்த முதல் வாரமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். ஞாயிறு மத்தியானத்தில் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். ரயில் நிலையம் 12 நிமிஷ நடை என்றார்கள். திரும்பி வரும்போது அத்தனையும் ஏற்றம் என்பதை என் முழங்கால்தான் கண்டுபிடித்தது. பாதியில் காலி செய்தால் அபராதம் என்ற வரியை அதற்கப்புறம்தான் படித்தோம்.

ஒரு ராத்திரி எனக்குக் கடும் காய்ச்சல். கணவர் வெளியூரில். மருந்துக்கடை 3 கிலோமீட்டர் தள்ளி. எதிர் வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அத்தனை மாதத்தில் அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. தட்டவில்லை. மகள் விடியும்வரை நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். புல்வெளி மட்டும் அந்தத் தெருவில் வெகு அழகு.

பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016ல் '15 நிமிட நகரம்' என்றார். அன்றாடத் தேவை எல்லாம் நடையிலோ சைக்கிளிலோ கால் மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். 2020 தேர்தலில் அப்போதைய பாரிஸ் மேயர் அதை வைத்துப் பிரசாரமே செய்தார். பேராசிரியர் சொன்னால் கோட்பாடு. நான் சொன்னால் பயந்தாங்கொள்ளித்தனம். சரி.

"நம் மொழி பேசுகிறவர்கள் நடுவில் ஒளிந்துகொண்டால் இந்த ஊர் மொழி எப்போது வரும்?" என்பீர்கள். நியாயமான கேள்வி, அந்தச் சோம்பல் எனக்கும் உண்டு. ஆனால் நல்ல ஏரியாவில் இந்த ஊர் மொழியில் நான் பேச ஆள் யார் இருந்தார்கள்? கடையில் கூட பில் போடுவது இயந்திரம். இங்கே மருந்துக்கடைப் பெண் நான் பேசுவதைத் திருத்துகிறாள், சிரித்துக்கொண்டே.

ராத்திரி பாதுகாப்பா? கையெழுத்துப் போடும் முன் வார நாளில் இரண்டு முறை, இரவு 10 மணிக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் எத்தனை முறை உட்கார்ந்தீர்கள்? வீட்டு மதிப்பு ஏறாதா? வாடகை வீடு, அண்ணா.

மகளின் பள்ளி விஷயத்தில் மட்டும் எனக்குப் பதில் இல்லை. நடு வருஷத்தில் பள்ளி மாற்றினோம், ஒரே ஒரு தோழியையும் விட்டுவிட்டு வந்தாள். அது என் கணக்கில்தான்.

'அந்த ஏரியா' என்று இழுத்துச் சொன்னாரே, அந்த இழுப்பில் என் தெருக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். இருபது வருஷம் வேலை பார்த்தவள் நான். இங்கே எந்தப் படிவத்திலும் 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. மாதக்கணக்கில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வெளியில் ஒரு ஆள் இல்லை. இப்போது இந்தத் தெருவில் மூன்று பேர் கூப்பிடுகிறார்கள். உச்சரிப்பு தப்புதான், இருந்தாலும் திரும்பிப் பார்க்கிறேன். இதை விருந்தில் எப்படிச் சொல்வது?

அன்று சிரித்த நாலு பேரில் என் கணவரும் ஒருவர். அதை வீட்டில் பேசிக்கொள்கிறோம், நீங்கள் கேட்க வேண்டாம்.

அடுத்த மாதம் மகளுக்குப் பிறந்தநாள். அண்ணனையும் அண்ணியையும் அழைத்திருக்கிறேன். ரயிலை விட்டு இறங்கினால் 6 நிமிஷ நடை. மேடு கிடையாது.