படி இல்லாத பாதை

அம்மா சிங்கப்பூர் வந்து பத்து நாள் வீட்டை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போய்ட்டு வாங்கடி, நான் சமைச்சு வைக்கிறேன்" என்பார். இரண்டு முழங்கால் மூட்டும் தேய்ந்த எழுபத்திரண்டு வயது. வெளியே போகலாம் என்றதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "படி இருக்கா?" அடுத்தது கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பாத்ரூம் இருக்குமா?"

போன ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்குள், ஜூரோங் ஏரிப் பூங்காவுக்கு வற்புறுத்திக் கூட்டிப் போனேன். லேக்சைட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே போனதும் தரையைத்தான் பார்த்தார். அகலமான பாதை, மேடு பள்ளம் கிடையாது. என் கையை விட்டார்.

ஜூரோங் ஒரு காலத்தில் சதுப்பு நிலமும் இறால் குட்டைகளும். 1961இல் அங்கே தொழிற்பேட்டை வேலை தொடங்கியது. 1971இல் ஜூரோங் ஆற்றை மறித்து இந்த ஏரியை உண்டாக்கினார்கள். இப்போது ஏரியை ஒட்டி 90 ஹெக்டேருக்குப் பூங்கா. நாங்கள் நடந்த மேற்குக் கரைப் பகுதி 2019இல்தான் திறந்தது. ஆலைக்காகத் திட்டமிட்ட ஊரில், தண்ணீர் ஓரமாக ஜனங்கள் சும்மா நடப்பதற்கென்று இவ்வளவு இடத்தை விட்டு வைத்திருக்கிறார்களே என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அதில் ரசாவ் நடை என்று ஒரு மரப்பாதை, நன்னீர்ச் சதுப்பின் மேலேயே போகிறது. அம்மா அங்கே நின்றுவிட்டார். "ஏய், இது தாழம்புதர்டி!" என்று குனிந்து இலை ஓரத்தைத் தடவப் போய், முள் பட்டுச் சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். ரசாவ் என்பது தாழை இனத்துச் செடிதான், பாதைக்குப் பேரே அதை வைத்துத்தான். தன் பத்து வயதில் பாட்டி தாழம்பூ வைத்து ஜடை தைத்துவிட்டதையும், ராத்திரி முழுக்கக் குப்புறப் படுத்துத் தூங்கியதையும் அந்தக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டே சொன்னார். நாற்பத்தைந்து வருஷமாக அவர் மகளாக இருக்கிறேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது.

டாக்டர் ஒவ்வொரு முறையும் "தினமும் நடங்கம்மா" என்று எழுதிக் கொடுக்கிறார். எங்கே நடப்பது? நம் ஊரில் ஒரு பூங்காவுக்கு அம்மாவோடு போயிருக்கிறேன். பைக் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி நட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியும் அதில் நுழையாது. கம்பியைத் தாண்டினால் இரண்டு படி. உள்ளே வரிசையாக உடற்பயிற்சிக் கருவிகள். உட்கார ஒரே ஒரு பெஞ்சு, அதுவும் வெயிலில். கழிப்பறைக்குப் பூட்டு. அரை மணியில் திரும்பி வந்துவிட்டோம். அதற்கப்புறம் அவர் பூங்கா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

எனக்கு மனசு ஆறாதது இதுதான்: சமதளமான நடைக்கு நம்மைவிட இடம் வைத்திருப்பவர்கள் யார்? ஏரிக்கரை என்றாலே மட்டமாகத்தான் போகும், தண்ணீரைத் தேக்கக் கட்டியது அது. எங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம், முதலாம் பராந்தக சோழன் காலத்தது, கரை மட்டும் சுமார் 16 கிலோமீட்டர். அம்மா பிறந்து வளர்ந்தது அதன் ஓரத்தில். இன்று அந்தக் கரைமேல் போகும் சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி அவரால் நூறு அடி நடக்க முடியாது. சின்ன ஏரிகளின் கரை சீமைக்கருவேல முள்ளுக்குள் கிடக்கிறது. நான் கேட்பது பெரிய பூங்கா இல்லை. ஊருக்கு ஓர் ஏரியில், ஒரு கிலோமீட்டர் கரையில் முள்ளை வெட்டி, ஏறுவதற்கு ஒரு சரிவுப் பாதை, நிழலில் நாலைந்து பெஞ்சு, பூட்டாத ஒரு கழிப்பறை. செயற்கை நீரூற்றும் செல்ஃபி எழுத்துகளும் அப்புறம் வரட்டும்.

அன்று அம்மா நான்கு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து ஒன்றரை மணி நேரம் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் சித்திக்கு போன் போட்டு, "ஏரிக்கரையில நடந்தேன்டி, ஒரு படி கூட இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாழைமுள் குத்திய விரலை வாயில் வைத்தபடியே.