பிக்கீன் அலமாரிகளும் கேல் கிடங்கும்

ஏழை நாடுகளில் பெண்கள் கருத்தடைச் சாதனங்களைப் பயன்படுத்தாததற்கு விழிப்புணர்வுக் குறைவே காரணம் என்று நன்கு படித்தவர்கள்கூடத் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறார்கள். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணவனின் மறுப்பு, மாமியாரின் கண்டிப்பு, பக்கவிளைவு குறித்த அச்சம் எல்லாம் மெய்யான தடைகள்தாம். ஆனால் வேண்டும் என்று தானாக முடிவெடுத்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையுடன் சுகாதார நிலையம் வரை நடந்து வந்த பெண்ணிடம் "ஸ்டாக் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அதன் பிறகும் விழிப்புணர்வைப் பற்றிப் பேசுவது அவள் மீதே பழியைப் போடுவதாகும். மருந்துக் கொள்முதல், கிடங்கு சார்ந்த பணியில் சில காலம் இருந்தவன் என்ற முறையில், இந்தச் சிக்கலைப் பெண்ணின் மனத்திலிருந்து தொடங்காமல் அலமாரியிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள செனகலின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. 2011-இல் தலைநகர் டாக்கரின் அரசு சுகாதார நிலையங்களை ஆராய்ந்தபோது, கருத்தடை ஊசியும், கையில் தோலுக்கடியில் பொருத்தும் இம்ப்ளான்ட்டும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஏதாவதொரு கட்டத்தில் தீர்ந்துபோயிருந்தது தெரியவந்தது. நாட்டிலேயே சரக்கு இல்லாமல் இப்படி ஆகியிருந்தால் புரிந்துகொள்ளலாம். ஆனால் தேசியக் கிடங்கில் சரக்கு இருந்தது; அதே நகரத்தில், சில மைல் தொலைவில் இருந்த நிலையங்களின் அலமாரிகள்தாம் காலியாக இருந்தன.

அன்றைய முறைப்படி ஒவ்வொரு நிலையமும் தனக்குத் தேவையானதைக் கணக்கிட்டு இன்டென்ட் (எழுத்துமூலக் கோரிக்கை) போட வேண்டும், மாவட்டக் கிடங்குக்குத் தானே வண்டி பிடித்துப் போக வேண்டும், எடுக்கும் பொருளுக்கு முன்பணமும் கட்ட வேண்டும். மாவட்டக் கிடங்கு தன் பங்குக்கு மண்டலக் கிடங்கிடம் இதையே செய்ய வேண்டும். 1987-இல் மாலியின் பமாக்கோ நகரில் ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் ஏற்றுக்கொண்ட கொள்கையின் தொடர்ச்சியாக, மருந்து விற்ற காசைக் கொண்டே அடுத்த மருந்தை வாங்கும் சுழல்நிதி முறை அந்தப் பகுதியில் பரவலாக வேரூன்றியிருந்தது. கையில் இருக்கும் சிறு தொகையில் காய்ச்சல் மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் வாங்குவதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை வாங்கி வைப்பதா என்ற கேள்வி வரும்போது ஊசி பின்னுக்குத் தள்ளப்படுவதில் வியப்பில்லை. இதில் செவிலியரைக் குறை சொல்வது எளிது. பிரசவம் பார்த்து, தடுப்பூசி போட்டு, பதிவேடுகள் எழுதி முடித்த பிறகு, கடந்த மூன்று மாத நுகர்வின் சராசரியைக் கணக்கிடும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டியது யார் என்றுதான் நான் கேட்பேன்.

2012-இல் டாக்கரை ஒட்டியுள்ள பிக்கீன் மாவட்டத்தில் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். இன்ட்ராஹெல்த் என்ற அமைப்பு சுகாதார அமைச்சகத்துடன் சேர்ந்து நடத்திய அந்தச் சோதனையில், நிலையம் கிடங்கைத் தேடிப் போவதற்குப் பதிலாக, சரக்கு ஏற்றிய வண்டி குறித்த இடைவெளியில் நிலையத்தைத் தேடி வந்தது. வந்தவர் அலமாரியில் மிச்சம் இருப்பதை எண்ணினார். சென்ற முறைக்குப் பின் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். அதற்கேற்ப நிரப்பிவிட்டுப் போனார். முன்பணம் இல்லை, செலவான பொருளுக்கு மட்டுமே காசு. ஆறு மாதத்துக்குள் பிக்கீன் நிலையங்களில் பொருள் தீர்ந்துபோகும் நிலை ஏறத்தாழ மறைந்தது. பிறகு கேட்ஸ் அறக்கட்டளை, மெர்க் நிறுவனத்தின் தாய்நலத் திட்டம் ஆகியவற்றின் நிதியில், தனியார் போக்குவரத்து நடத்துநர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தி நாட்டின் 14 மண்டலங்களுக்கும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கும் இம்முறை விரிவாக்கப்பட்டது.

இது யாருடைய மூளையிலும் திடீரென்று உதித்ததல்ல. ஜிம்பாப்வேயில் 2004 முதலே ஆணுறையும் கருத்தடை மாத்திரையும் இப்படித்தான் வண்டியில் போய், எண்ணி, நிரப்பப்பட்டுவந்தன. 2008-இல் அந்நாட்டுப் பணம் காகிதத்தின் மதிப்பைக்கூட இழந்து, மருத்துவமனைகள் முடங்கிக் கிடந்த காலத்திலும், ஏனைய மருந்துகள் பலவும் கிடைக்காத நிலையங்களில் ஆணுறையும் மாத்திரையும் பெரும்பாலும் இருந்தன. ஒரு நாட்டின் செல்வத்தை மட்டும் வைத்து அதன் சுகாதார நிலைய அலமாரியைக் கணித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

விலை ஒரு தடையாக இருந்ததும் உண்மை. ஜனவரி 2013 வரை பேயர் நிறுவனத்தின் ஜடெல் இம்ப்ளான்ட் ஒன்று ஏறத்தாழ 18 டாலர். ஐந்தாண்டுகள் பலன் தரும் பொருளுக்கு அது அதிகமில்லை என்று தோன்றலாம், ஆனால் மொத்தப் பணத்தையும் முதல் நாளிலேயே எண்ணிவைக்க வேண்டிய அரசுக்கு அது பெருந்தொகை. ஆறு ஆண்டுகளில் 2 கோடியே 70 லட்சம் இம்ப்ளான்ட்டுகள் வாங்கப்படும் என்று நன்கொடையாளர்கள் உத்தரவாதம் கொடுத்ததால் விலை 8.50 டாலராகக் குறைந்தது. அதே ஆண்டில் மெர்க் நிறுவனமும் இம்ப்ளானான் என்ற தன் இம்ப்ளான்ட்டின் விலையைக் குறைத்தது. நல்ல பேரம்தான், பாராட்டுகிறேன். ஆனால் இம்ப்ளான்ட்டைப் பொருத்துவதற்கு லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து, கையுறை, கட்டுத்துணி வேண்டும். எடுப்பதற்கு அவற்றோடு கத்தியும் இடுக்கியும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும். பல கோடி டாலரில் இம்ப்ளான்ட் வாங்கித் தந்த திட்டங்கள் இந்தச் சில்லறைச் செலவை உள்ளூர் அரசுகளின் பொறுப்பில் விட்டுவிட்டன. மூன்றாண்டோ ஐந்தாண்டோ கழித்து, குழந்தை வேண்டுமென்றோ தலைச்சுற்றல் தாங்கவில்லையென்றோ எடுக்கச் சொல்லி வரும் பெண்ணைத் திருப்பி அனுப்பினால், அவள் ஊரில் அடுத்த பத்துப் பெண்கள் இம்ப்ளான்ட்டின் பக்கமே வரமாட்டார்கள். பொருத்திய எண்ணிக்கையைப் பெருமையோடு அறிக்கையில் போடுகிறவர்கள், எடுக்கக் கேட்டு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அன்றே எடுத்துவிடப்பட்டது என்பதையும் போட வேண்டும்.

கருத்தடையோடு இந்தப் பேச்சு முடிந்துவிடுவதில்லை. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசினை எடுத்துக்கொள்வோம். மலிவான, நெடுங்காலமாக அறியப்பட்ட மருந்து. ஆனால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்காவிட்டால் வீரியம் குறைந்துவிடும். வீரியம் போன ஆம்பூல் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) பார்ப்பதற்குப் புதியதைப் போலவே இருக்கும். ஆகவே அது அலமாரியில் இருக்கிறது என்று பதிவேடு சொல்லும், செவிலியர் ஊசி போடுவார், உதிரம் நிற்காது. இதில் என்னை எரிச்சலூட்டும் செய்தி ஒன்று உண்டு. பல நாடுகளில் அதே கட்டடத்தில் தடுப்பூசிக்கான குளிர்பதனப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தும், அது தடுப்பூசித் திட்டத்தின் சொத்து என்பதால் ஆக்சிடோசினுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மாற்று மருந்து 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் ஆக்சிடோசினோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டு, 2018-இல் முடிவுகள் வெளியாயின. அடுத்த ஆண்டே அது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்ந்தது. 30 டிகிரி வெப்பத்தில் மூன்றாண்டுகள் கெடாமல் இருக்கும் மருந்து இது. பட்டியலில் சேர்ந்த மருந்து நாட்டில் பதிவாகி, கொள்முதலில் இடம்பெற்று, கடைக்கோடி நிலையத்தை அடைவதற்கு ஆகும் ஆண்டுகளைத்தான் நாம் இன்னும் குறைக்கவில்லை.

இவ்வளவு நேரம் அலமாரியைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் பேசினேன். இனி வண்டிக்கும் சரக்குக்கும் யார் காசு கொடுப்பது என்ற கேள்வி. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, குடும்பநலத்துக்காக நன்கொடை நாடுகள் தந்துவந்த பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே அடியில் ஆட்டம் கண்டது. அப்போது பெல்ஜியத்தின் கேல் நகரக் கிடங்கில், ஏற்கெனவே அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில் வாங்கப்பட்ட 97 லட்சம் டாலர் மதிப்புள்ள இம்ப்ளான்ட்டுகளும் ஊசிகளும் மாத்திரைகளும் காங்கோ, கென்யா, தான்சானியா, ஜாம்பியா, மாலி போன்ற நாடுகளுக்குப் போகக் காத்திருந்தன. ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் பிற அமைப்புகளும் அவற்றைப் பெற்றுக்கொள்ள முன்வந்தும், அவற்றை எரித்துவிடப் போவதாக அந்த ஆண்டு ஜூலையில் அறிவிப்பு வந்தது. காலாவதியாகாத மருந்தை எரிப்பதற்குத் தனியாகச் செலவு செய்ய ஒரு வல்லரசு ஆயத்தமாக இருந்தது என்பதை எந்த அரசியல் சாய்வு உள்ளவரும் நியாயப்படுத்த முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் என் கோபம் முழுவதையும் வாஷிங்டன் மீது இறக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. தன் நாட்டுப் பெண்களுக்கான ஊசியைப் பத்தாண்டு, இருபதாண்டு வெளியார் பணத்திலேயே வாங்கிக்கொண்டிருந்த நிதி அமைச்சகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தப் பொருள்கள் எட்டாத விலையில் இல்லை. இந்திய நிறுவனங்கள் பல உலக சுகாதார நிறுவனத்தின் தரச்சான்றோடு கருத்தடை மாத்திரைகளையும் காப்பர் டி-யையும் செய்து குறைந்த விலைக்கு விற்கின்றன. ஐ.நா. மக்கள்தொகை நிதியமோ, ஒரு நாடு தன் சொந்தப் பணத்தைக் கூட்டிப் போட்டால் அதற்கேற்பக் கூடுதல் பொருள்களைத் தருகிறது. இருந்தும் பல நாடுகளின் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென்று ஒரு தனி ஒதுக்கீடு கிடையாது. இருக்கும் நாடுகளிலோ ஒதுக்கிய தொகை முழுவதும் விடுவிக்கப்படுவதில்லை. விடுவிக்கப்பட்டாலும் நிதியாண்டின் கடைசி மாதங்களில் வருகிறது. ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து கப்பல் வந்து சேரப் பல மாதங்கள் பிடிக்கும் பொருளுக்கு, இப்படித் தாமதமாக வரும் பணம் அடுத்த ஆண்டின் தட்டுப்பாட்டை இப்போதே உறுதிசெய்து விடுகிறது. ஆகவே எந்த நாட்டு அமைச்சராவது மாநாட்டு மேடையில் குடும்பநலத்துக்கு இவ்வளவு கோடி ஒதுக்குகிறோம் என்று அறிவித்தால், சென்ற ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு விடுவித்தீர்கள், எந்த மாதத்தில் விடுவித்தீர்கள், அதில் வண்டிக்கும் எண்ணும் ஆளுக்கும் எவ்வளவு என்று அங்கேயே கேட்க வேண்டும்.