ஸ்டூவர்ட் என்றால் பன்றி மேய்ப்பவரா?

"ஸ்டூவர்ட் என்றால் பன்றிக்கொட்டில் காவலன், ஸ்காட்லாந்து ராஜ வம்சமே பன்றி மேய்த்த குடும்பம்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் சரியில்லை.

மூலச்சொல் பழைய ஆங்கிலத்தின் 'ஸ்டிக்வேர்ட்'. 'வேர்ட்' காவலர், அதில் சண்டையில்லை. 'ஸ்டிக்' இங்கே பெரும்பாலும் வீடு அல்லது கூடத்தைக் குறிக்கிறது. பன்றிக்கொட்டிலுக்கான 'ஸ்டை' ஒலியில் ஒட்டி வருவதால் கிளம்பிய கதை இது. ஸ்டிக்வேர்ட் பார்த்தது பந்தி முதல் வரவுசெலவு வரையான வீட்டு நிர்வாகம். நம் ஊர்ப் பண்ணைக் காரியஸ்தர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூவர்ட் குடும்பம் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் உள்ள டோல் ஊரிலிருந்தே அதே மாதிரி வேலையில் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் வால்டர் ஃபிட்ஸ் ஆலன் ஸ்காட்லாந்து மன்னரின் தலைமைக் காரியஸ்தர் ஆனார். பதவி பரம்பரையாகி, பதவிப் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. 1371இல் அந்த வழியில் வந்த இரண்டாம் ராபர்ட் அரியணை ஏறினார், அவருடைய தாய் முன்னாள் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் மகள்.

அப்புறம், காரியஸ்தர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அதனால் ஸ்டூவர்ட் என்று பெயர் வைத்தவர்களெல்லாம் ராஜ வம்சமும் இல்லை.