கேட் திறந்துதானே இருக்கு?

போன வாரம் ஒரு ரயில்வே கேட்டில் காரை நிறுத்தினேன். கேட் திறந்துதான் இருந்தது. கண்ணாடியை இறக்கி, இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து, மறுபடி கியரைப் போடுவதற்குள் பின்னால் மூன்று ஹாரன். ஒரு பைக்காரர் என் ஜன்னலை உரசாத குறையாக வந்து, "கேட் திறந்துதானே சார் இருக்கு? இறங்கி வழி கேக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பக்கத்தில் இருந்த மனைவி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி வீடு வந்து சேர்ந்த பிறகும் விடவில்லை. இந்தப் பதிவை அவருக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமான பதில்தான்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வயதில் மூடிய கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு போகிற ஆள்தான் நானும். அதில் ஒரு கைத்திறமை வேறு உண்டு. ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடித்து, சீட்டை இடுப்பில் தாங்கி, கண்ணாடி கம்பியில் இடிக்காமல் ஒரே மூச்சில் உள்ளே தள்ள வேண்டும். அன்றைக்கு ஒரு சரக்கு ரயில் போனது. கடைசிப் பெட்டியும் தாண்டியாயிற்று, கேட் திறக்கவில்லை. கேட் கீப்பர் தூங்கிவிட்டார் என்று நாங்களே தீர்ப்பெழுதி, நாலைந்து பேர் உள்ளே நுழைந்தோம்.

முதல் பாதையைத் தாண்டி இரண்டாவதில் முன்சக்கரம் ஏறப் போகிற நேரம், சட்டையின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். பைக்கோடு ஜல்லியில் விழுந்தேன். எதிர்த்திசையில் இருந்து இன்னொரு ரயில், காற்றை அறைந்துகொண்டு போனது. சரக்கு ரயிலின் வால் அதை மறைத்திருந்தது. சரக்கு ரயிலின் இரைச்சல் அதன் ஹாரனையும் முழுங்கியிருந்தது. சைலன்சர் கெண்டைக்காலில் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. இழுத்தது யார் என்று எழுந்து பார்ப்பதற்குள் ரயில் போய், கேட் திறந்து, கூட்டம் கலைந்துவிட்டது. அவரும் என்னைப் போலக் கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கேட் கீப்பர் தூங்கவில்லை. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ரொம்ப நாள் அதை என் அவசரத்தின் கதையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, நிதானமாக நின்று பார்க்கிறவனையும் கண் ஏமாற்றும். ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-ல் இதைப் பற்றி எழுதினார். பெரிய பொருள் ஒன்று நகரும்போது அது மெதுவாகப் போவதாகவே நமக்குப் படும். விமான நிலையத்தில் கவனித்துப் பாருங்கள். பெரிய விமானம் ஏதோ மிதந்து இறங்குவது போலவும், சின்ன விமானம் விர்ரென்று வருவது போலவும் தெரியும். உண்மையில் பெரியதுதான் வேகமாக வந்துகொண்டிருக்கும். 2013-ல் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத் திரையில் காட்டிச் சோதித்தார்கள். ஒரே வேகத்தில் வரும் காரையும் ரயிலையும் காட்டினால், ரயில்தான் மெதுவாக வருகிறது என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நேராக நம்மை நோக்கி வருகிற ரயில் வெகுநேரம் ஒரு புள்ளியாகவே நிற்கும். பக்கவாட்டில் நகராது, அதனால் வேகமும் தெரியாது. புள்ளி திடீரென்று வீங்க ஆரம்பிக்கும்போது கணக்குப் போட நேரம் இருக்காது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போல. "அது தூரத்துலதானே வருது" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கிரிக்கெட் பிட்ச் நீளத்துக்கும் மேல் வந்திருக்கும். கிளட்ச் சரியாக விழாமல் வண்டி ஒரு தடவை இருமினால் ஐந்து நொடி போயிற்று. 140 மீட்டர்.

எனவே என் முடிவு இது: ரயில் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்கிற வேலையே எனக்கு வேண்டாம். தெரிந்தால் நிற்பேன். அவ்வளவு எளிமையாக வைத்துக்கொண்டிருக்கிறேன், என் கண்ணை நம்பாததால்.

சரி, ரயிலை ஓட்டுகிறவர் பிரேக் போடக் கூடாதா? தெரிந்த லோகோ பைலட் ஒருவரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். கோபப்படாமல் பொறுமையாகச் சொன்னார். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. ரப்பர் டயர் தார் ரோட்டைப் பிடிக்கிற மாதிரி அது பிடிக்காது. இரும்பு மேல் இரும்பு லேசாக உருள்வதுதான் அத்தனை எடையைக் குறைந்த சக்தியில் இழுக்க உதவுகிறது, நிறுத்தும்போது அதன் வழுக்கலே எமனாகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எமர்ஜென்சி பிரேக் போட்டால் பயணிகள் ரயில் நிற்க ஒரு கிலோமீட்டர் போல ஆகும். பாரம் ஏற்றிய சரக்கு ரயிலுக்கு அதற்கும் மேல். தண்டவாளத்தில் ஒரு வண்டி நிற்பது கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் பெரும்பாலும் முடிவு எழுதப்பட்டிருக்கும். ஸ்டியரிங் கிடையாது. ஹாரனை அழுத்தலாம், பிரேக்கைப் போடலாம், அப்புறம் பார்த்துக்கொண்டே போகலாம்.

"கடைசியில அவங்க முகம் தெரியும் சார்," என்றார். அதற்கப்புறம் ரயில் நின்றதும் கிலோமீட்டர் கம்பத்தின் எண்ணைப் பார்த்துக் கண்ட்ரோலுக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை அந்த எண்ணை மூன்று தடவை தப்பாகப் படித்தாராம். வாய் ஒன்று சொல்ல, கண் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கேட்டில் அவசரப்படுகிறவர்கள் தங்கள் உயிரைத்தான் பணயம் வைப்பதாக நினைக்கிறார்கள். எஞ்சினுக்குள் இருக்கும் இரண்டு பேரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இனி, பைக்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேட் திறந்துதானே இருக்கிறது?

2025 ஜூலை 8-ஆம் தேதி காலை, கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே கேட் இருந்தது, கேட் கீப்பரும் இருந்தார். வேன் டிரைவர் கேட்டுக்கொண்டதால்தான் கேட் மூடப்படாமல் விடப்பட்டது என்கிற மாதிரி ரயில்வே தரப்பில் முதலில் ஒரு விளக்கம் வந்தது. கேட் திறந்தே கிடந்தது என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். கேட் கீப்பர் கைதானார்.

அந்த கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லை. இன்டர்லாக்கிங் இருந்தால் கேட் மூடிப் பூட்டு விழுந்தால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். சிக்னலைச் சிவப்பாக்காமல் கேட்டைத் திறக்கவும் முடியாது. மனிதன் மறந்தாலும் பூட்டு மறக்காது. அது இல்லாத இடத்தில் ஸ்டேஷனில் இருப்பவரும் கேட்டில் இருப்பவரும் போனில் பேசி, பிரைவேட் நம்பர் என்று ஓர் எண்ணைப் பரிமாறிக்கொள்வதுதான் ஏற்பாடு. "மூடிட்டேன்" என்ற ஒரு வார்த்தையை நம்பி ரயில் கிளம்புகிறது. விபத்துக்கு அப்புறம்தான், இன்டர்லாக்கிங் கட்டாயம் என்பதற்கான போக்குவரத்து அளவுகோலை (ஒரு நாளில் அந்த கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் எண்) 20,000-லிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். கேட்டுகளில் கேமரா வைக்கவும் உத்தரவு வந்தது. குறைக்க முடிகிற எண்ணாக இருந்தால் முன்னாலேயே குறைத்திருக்கலாமே என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இங்கேதான் விவாதம் எப்போதும் தடம் மாறுகிறது. ஒரு விபத்து நடந்தால் பாதிப் பேர் டிரைவரைத் திட்டுகிறார்கள், பாதிப் பேர் கேட் கீப்பரையும் ரயில்வேயையும் திட்டுகிறார்கள். ஏதோ பொறுப்பு என்பது ஒரே ஒரு சொத்து, அதை இவருக்கு இவ்வளவு அவருக்கு இவ்வளவு என்று பாகம் பிரித்துவிட்டால் மிச்சம் இல்லை என்பது போல. எனக்கு அது ஒப்பவில்லை. கேட்டைத் திறந்து போட்டவரின் குற்றத்தில், டிரைவர் நின்று பார்த்திருக்கலாம் என்று சொல்வதால் ஒரு குந்துமணி கூடக் குறையாது. அதே மாதிரி, கேட் திறந்திருந்தது என்பதால் ஸ்டியரிங்கைப் பிடித்தவனின் கடமையும் குறையாது. திறந்த கேட்டை நம்பிப் போனவர்மேல் நான் பழி போடவில்லை. கோடிக்கணக்கானவர்கள் தினமும் அப்படித்தான் போகிறார்கள், நானும் போயிருக்கிறேன். ஆனால் திறந்த கேட் எனக்குச் சொல்வது ஒன்றுதான்: ரயில் வரவில்லை என்று வேறு ஒருவர் நினைக்கிறார். அவர் நினைப்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஜப்பானில் சட்டமே இதை ஒட்டித்தான் இருக்கிறது. சிக்னல் பச்சை காட்டுகிற இடங்களைத் தவிர, கேட் திறந்திருந்தாலும் ஒவ்வொரு வண்டியும் கோட்டுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். இந்தியாவில் 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம், 131-ஆவது பிரிவு, ஆளில்லாத கேட்டுக்கு இன்னும் கடுமையாகச் சொல்கிறது. வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ இறங்கி நடந்துபோய், இரண்டு பக்கமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று பார்த்து, வண்டியை அழைத்துக்கொண்டு கடக்க வேண்டும். வேறு ஆள் இல்லை என்றால் டிரைவரே இறங்க வேண்டும். ஆக, இறங்கி வழி கேட்கப் போகிறீர்களா என்று பைக்காரர் கேட்டது கிட்டத்தட்ட சட்டத்தில் எழுதியிருப்பதுதான்! அகல ரயில் பாதைகளில் (பிராட்கேஜ்) ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியோடு எடுத்துவிட்டதால் அந்தப் பிரிவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ரயில் வருகிறதா என்று பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தப் பக்கம் என் வண்டி நிற்க இடம் இருக்கிறதா? இதை யாருமே கேட்டுக்கொள்வதில்லை. 1995 அக்டோபர் 25-ஆம் தேதி, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ரிவர் குரோவ் என்ற ஊரில், மாற்று டிரைவராக வந்த ஒருவர் பள்ளிப் பேருந்தை ஓட்டினார். தண்டவாளத்தைத் தாண்டி, முன்னால் சிவப்பு விழுந்திருந்ததால் நின்றார். தாண்டிவிட்டதாகத்தான் நினைத்தார். பேருந்தின் பின்பகுதி ஒரு மூன்று அடி ரயிலின் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். தண்டவாளத்துக்கும் சிக்னலுக்கும் நடுவில் அந்தப் பேருந்து முழுசாக நிற்க இடமே இல்லை. ரயில் வரும்போது சாலை சிக்னல் பச்சையாகி வழிவிடும் ஏற்பாடு இருந்தும், அது கொடுத்த நேரம் போதவில்லை. சாலை போட்டவர், சிக்னல் வைத்தவர், ஓட்டியவர் எல்லாருடைய கணக்கிலும் சில அடி, சில நொடி குறைந்திருந்தது.

அதற்கும் முன்னால், 1968 ஜனவரி 6, இங்கிலாந்தின் ஹிக்சன். 120 டன் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிய வண்டி, 45 மீட்டர் நீளம், ஆள் நடப்பதைவிட மெதுவாகத் தண்டவாளத்தைக் கடக்கிறது. முன்னால் போலீஸ் வண்டி வழிகாட்டிப் போகிறது. அது தானியங்கி கேட். ரயில் நெருங்கினால் விளக்கு எரியும், 24 நொடியில் ரயில் வந்துவிடும். அந்த வண்டி கடக்க ஒரு நிமிஷமாவது வேண்டும். பெரிய வண்டிகள் முதலில் சிக்னல்காரருக்குப் போன் செய்ய வேண்டும் என்று பலகை இருந்தது, போனும் இருந்தது. யாரும் செய்யவில்லை. 11 பேர் இறந்தார்கள். போலீஸ் கூட வருகிறது என்று டிரைவருக்கு நம்பிக்கை, டிரைவருக்குத் தெரியும் என்று போலீசுக்கு நம்பிக்கை. இந்தக் கதையை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்தப் போன் பெட்டிதான் கண்ணுக்குத் தெரிகிறது.

எனவே, முன்னால் போகிற வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஏறாதீர்கள். அது அந்தப் பக்கம் நகர்ந்து உங்கள் வண்டிக்கு இடம் விட்ட பிறகு ஏறுங்கள். நடுவில் கியர் மாற்ற வேண்டாம். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்குங்கள்.

இவ்வளவுக்கும் மேல் வண்டி மாட்டிக்கொண்டால்? வண்டியை விடுங்கள். உள்ளே இருக்கிற எல்லாரையும் இறக்கி, முதலில் தண்டவாளத்தை விட்டு விலகி ஓடுங்கள். அதிலும் ரயில் வருகிற திசைப் பக்கமாகச் சாய்வாக ஓட வேண்டும். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் மோதியதும் வண்டி சிதறி ரயில் போகிற திசையில்தான் பறக்கும். ரயிலுக்கு முதுகைக் காட்டி அதே திசையில் ஓடுகிறவர்மேல் அவருடைய காரே வந்து விழலாம். ஒதுங்கிய பிறகு கேட் கீப்பரிடமோ, அங்கே எழுதியிருக்கிற எண்ணிலோ சொல்லுங்கள். சாமான் எடுக்கத் திரும்பாதீர்கள், லேப்டாப்பாக இருந்தாலும் சரி.

நேற்று அதே கேட், மறுபடி நின்றேன். மறுபடி பின்னால் ஹாரன். கண்ணாடியை இறக்கியிருந்ததால் இன்னும் சத்தமாகக் கேட்டது.