காந்தமில்லா மோட்டார் கரண்ட் பில்லைப் பாதியாக்குமா?

"காந்தமே இல்லாத மோட்டார், பிளக்கில் நேரே செருகினால் ஓடும், பில் பாதியாகும்" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. காந்தம் இல்லை என்பது மட்டுமே உண்மை.

இந்த வகைக்கு ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார் என்று பெயர். அதன் சுழலியில் (உள்ளே சுற்றும் பகுதி) காந்தமும் இல்லை, கம்பிச்சுருளும் இல்லை. பல் வெட்டிய இரும்புத் தகடுகள்தான். வெளிச்சுருள்களுக்கு முறைவைத்து மின்சாரம் கொடுத்தால், பக்கத்துப் பல் இழுபட்டுத் திரும்பும். 6 பல் வெளியே, 4 உள்ளே என்றால் ஒரு சுற்றுக்கு 12 இழுப்பு. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் வினாடிக்கு 600. சுழலி நிற்குமிடம் அறிந்து இதைச் செய்யும் டிரைவ் என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் அது ஓடாது. நேரே செருகாதீர்கள், சுருள் கருகிவிடும்!

பில்? சில கிலோவாட் சாதாரண மோட்டாரே நல்ல நிலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் திறன் தரும். அதே வேலைக்குப் பாதி மின்சாரம் போதவே போதாது.