அது பாட்டில் வீடு இல்லை

போர்ச்சுகலில் எடுத்த ஒரு மாளிகையின் படங்களைக் குழுவில் போட்டிருந்தேன். ஓர் ஒயின் பாட்டிலின் லேபிளில் இருக்கும் அதே மாளிகை. நேற்று அதற்கு நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "மச்சி, எத்தனை பாட்டில் கொண்டாந்தே?" என்று ஒருவர் ஆரம்பித்தார். கடைசியில் நிர்வாகி அண்ணன் என் படத்தையே எடுத்து, "ஒயின் மாளிகை" என்று தலைப்பு வைத்துத் தனியாகப் போட்டுவிட்டார். சிரித்துவிட்டுப் போகலாம்தான். முடியவில்லை.

அது பாட்டில் வீடு இல்லை. போர்ச்சுகலின் வடக்கே, வீலா ரெயால் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மதேயுஷ் மாளிகை. 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டியது. போர்ட்டோவில் கிளெரிகுஷ் கோபுரம் கட்டிய இத்தாலியர் நசோனியின் கைவேலை என்கிறார்கள். அதன் பெயரையும் படத்தையும் லேபிளில் போட்ட மதேயுஷ் ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயின் வந்தது 1942இல்! வீட்டுக்கு இருநூறு வயதாகும்போது பிறந்த பாட்டிலின் பெயரை வீட்டுக்கு வைப்பது என்ன நியாயம்? பேரனின் பெயரைத் தாத்தாவுக்கு வைத்த மாதிரி. அந்த ஒயினை அந்த வீட்டில் தயாரிப்பதும் இல்லை, வீடு அந்தக் கம்பெனியுடையதும் இல்லை. 1970இலிருந்து ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. லேபிளில் படம் போட அனுமதித்தார்கள், அவ்வளவுதான். பாட்டிலுக்கு இவ்வளவு என்று வாங்காமல் மொத்தமாகப் பணம் வாங்கி ஏமாந்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அந்த ஏமாற்றம் போதாதென்று இப்போது நாம்.

"உலகத்துக்கே அதைத் தெரியவைத்தது பாட்டில்தானே?" என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். நானும் லேபிளைப் பார்த்துத்தான் போனேன். போன பிறகுமா லேபிளையே பார்த்துக்கொண்டிருப்பது?

"காலனியக் காசு, அதைப் போய்க் கொண்டாடுகிறாயே" என்று இன்னொருவர். மாளிகையைக் கட்டச் சொன்ன வீட்டுக்காரரின் மகன் 1765 முதல் 1775 வரை பிரேசிலில் சாவோ பாவ்லோவின் ஆளுநர். எனக்கும் தெரியும் ஐயா. நீங்கள் அந்தக் கருத்தை எழுதியபோது பக்கத்தில் இருந்த ஜன்னல், மேசை, அலமாரி, சாவி எல்லாமே போர்ச்சுகீசிய வார்த்தைகள். முதலில் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

என் கோபம் அதுவும் இல்லை. நான் படம் போட்டது மாளிகைத் தோட்டத்தில் இருக்கும் மரச் சுரங்கத்துக்காக. சீடர் மரங்களை இரண்டு பக்கமும் நட்டு, உச்சியைச் சேர்த்து வளைத்து, ஏறக்குறைய 35 மீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சைக் கூடம். உள்ளே போனால் பகலிலேயே இருட்டு. கால் வைத்தால் ஈர மண் வாசனை. வெளிப்பக்கத்தை வெட்டுவதற்கென்றே சுரங்கத்தின் வளைவுக்கு ஏற்ப வளைந்த பெரிய ஏணிகள் வைத்திருக்கிறார்கள். நேராக நிற்கும் ஏணியை அந்த வளைவில் சாத்த முடியாது. இருநூற்றுச் சொச்சம் கருத்துகளில் ஒருவர், ஒரே ஒருவர், "இதை யார் வெட்டுகிறார்கள்?" என்று கேட்டாரா?

எனக்கு இது ஏன் உறைக்கிறது என்றால், என் அப்பா மலைப்பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் செடி வெட்டியவர். அவருடைய வலது பெருவிரல் அடியில் கத்தரிக்கோல் காய்ப்பு இன்னும் இருக்கிறது. வேலிச்செடியின் மேல் கயிறு கட்டி, ஒரு கண்ணை மூடி மட்டம் பார்ப்பார். வருகிறவர்கள் அவரிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "இங்க எந்தப் படம் எடுத்தாங்க?" அவரும் கையை நீட்டிக் காட்டுவார். அவர்கள் அந்த வேலிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

"அப்பாவை எதற்கு இழுக்கிறாய், அனுதாபம் தேடுகிறாயா?" ஆமாம், தேடுகிறேன். வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்து அந்தப் படங்களை அவரிடம் காட்டினேன். மாளிகைப் படத்தைத் தள்ளிவிட்டார். சுரங்கத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, "உள்பக்கம் பச்சையே இல்லை பார், வெயில் போகாது. மேலே ஒரு இடம் தூக்கி நிக்குது, புது ஆள் வெட்டியிருப்பான்" என்றார். அப்புறம் அந்த ஏணியை எந்த மரத்தில் செய்தார்கள் என்று கேட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை.

நிர்வாகி அண்ணா, தலைப்பை மாற்ற வேண்டாம். படத்தை எடுத்துவிடுங்கள்.