வாகைக்குளத்துக்கு விமானம் ஓட்டுகிறவர்களின் ஒப்பந்தம்

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்ட பிறகு, திருநெல்வேலியில் நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் ஏர்பஸ் பேச்சுதான். இனி பெரிய விமானம் வரும், மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் கார் பிடித்து ஓட வேண்டியதில்லை என்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் குட்டையான ஓடுபாதையில், மழையிலும் மேற்குக் காற்றிலும் எழுபது எண்பது பேரைச் சுமந்துகொண்டு இத்தனை ஆண்டுகள் இறங்கியவை ஏடிஆர், கியூ400 போன்ற விசிறி விமானங்கள். அவற்றை ஓட்டுகிற விமானிகள் என்ன ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார்கள் என்று இந்த ஊரில் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் அண்ணன் மகன் அப்படி ஒரு துணை விமானி என்பதால் எனக்குக் கொஞ்சம் தெரியும். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் ஒப்பந்தங்களை வாசிக்கவும் தெரியும்.

அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவனுக்குத்தான் இடைஞ்சல். சில மாதங்களுக்கு முன் விடுப்பில் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தபோது, நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சலைக் காட்டினான். இணைப்பில் புதிய ஒப்பந்தம் இருந்தது. கையெழுத்திட்டு அனுப்பக் கெடு ஒரு வாரம். மாதச் சம்பளத்தில் உறுதியான பகுதி சுருங்கியிருந்தது. பறக்கிற நேரத்துக்கு ஏற்ற பகுதி பெருகியிருந்தது. எந்த ஊரைப் பணித்தளமாகக் கொடுத்தாலும் போக வேண்டும் என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. “யோசிச்சுக் கையெழுத்துப் போடுடே” என்றேன். “யோசிக்க என்ன இருக்கு சித்தப்பா? போடலைன்னா அடுத்த மாச ரோஸ்டர்ல என் பேரு இருக்காது” என்றான். ரோஸ்டர் என்கிற பணிப்பட்டியலில் பெயர் இல்லையென்றால் பறக்கும் நேரம் இல்லை. கடைசி 90 நாளில் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிருக்காத விமானி, அந்தக் குறையைத் தீர்க்காமல் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கவும் முடியாது. ஆகவே சும்மா இருக்கிற விமானிக்குச் சம்பளத்தோடு தகுதியும் கரைந்துகொண்டே போகும்.

விமானிகளின் சம்பளத்தில் ‘உறுதியளிக்கப்பட்ட நேரம்’ என்று ஒன்று உண்டு. விமானம் பழுதாகி நின்றாலும், கூட்டமில்லாமல் தடத்தைக் குறைத்தாலும், மாதத்துக்கு இத்தனை மணி நேரம் பறந்ததாகக் கணக்கு வைத்துச் சம்பளம் தருவார்கள். விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணையும் முன்பு, இந்த அளவை 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைத்துப் புதிய ஒப்பந்தம் கொடுத்தது. 2024 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விமானிகள் பலர் உடல்நலமில்லை என்று விடுப்பெடுக்க, விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தாயின. நிறுவனம் தன் சேவையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு ஏர் இந்தியா கொண்டுவந்த சம்பள முறையையும் விமானிகள் சங்கங்கள் எதிர்த்தன. அவை பெரிய நிறுவனங்கள், செய்தி ஆயின. இரண்டு மூன்று ஏடிஆர் வைத்துக்கொண்டு சிறிய ஊர்களுக்குப் பறக்கிற நிறுவனத்தில் இதே மாற்றம் வந்தால், சங்கமும் கிடையாது, செய்தியும் கிடையாது.

தாமிரபரணிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு, விளைச்சலைப் பங்கிடுகிற வாரமும் தெரியும், பேசிய அளவை அளக்கிற கட்டுக்குத்தகையும் தெரியும். வாரத்தில் விளைச்சல் குறைந்தால் நிலக்காரரின் பங்கும் குறையும். கட்டுக்குத்தகையில் பிசானப் பருவத்து நெல் சாவியாகப் போனாலும் பேசிய கோட்டை நெல்லை அளந்தாக வேண்டும். ஆனால் விளைச்சல் பெருகினால் மிச்சம் பயிரிட்டவருக்கு. விமானிக்கு நீட்டப்படும் புதிய ஒப்பந்தமோ இரண்டிலும் சேராதது. தடம் கொழித்தால் இலாபம் நிறுவனத்துக்கு. தடம் படுத்தால் நட்டத்தில் ஒரு பகுதி விமானிக்கு. எந்தத் தடத்தைத் தொடங்குவது, எத்தனை விமானத்தைக் குத்தகைக்கு எடுப்பது என்று எந்த முடிவிலும் அவனுக்குக் குரல் கிடையாது. கடன் பிரிவில் இருந்தபோது இப்படிப்பட்ட உடன்படிக்கையை எந்தத் தொழில் செய்பவராவது என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால், திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன்.

பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டுப் போகலாமே என்பார்கள். அங்கேதான் சிக்கல். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, தலைமை விமானி வேலையை விட்டு விலக ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும். துணை விமானி ஆறு மாதம். திடீரென்று விமானிகள் கிளம்பினால் பயணிகள் அவதிப்படுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதில் நியாயமும் உண்டு. அந்த முன்னறிவிப்புக் காலத்துக்குள் நிறுவனம் சம்பளத்தைக் குறைத்தால், முன்கூட்டியே விடுவிக்கும்படி விமானி கேட்கலாம் என்று விதியிலேயே ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு ராஜினாமா கொடுத்த பிறகுதான் தொடங்குகிறது. இன்றைக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட்டு, நாளைக்கு நீ ராஜினாமா கொடுத்தால் குறைந்த சம்பளத்திலேயே ஆறு மாதமோ ஓராண்டோ பறந்து தீர்க்க வேண்டும் என்று நிறுவனம் சொன்னால், அந்தப் பத்தி எந்த உதவிக்கும் வராது. போதாததற்குப் பல இடங்களில் பயிற்சிச் செலவுக்கென்று பாண்டு எழுதி வாங்கியிருப்பார்கள். புது வேலைக்குப் போகப் பழைய நிறுவனத்தின் என்ஓசி எனும் தடையில்லாச் சான்று வேறு வேண்டும்.

ஏடிஆர் விமானிக்கு இன்னொரு பூட்டும் உண்டு. பேருந்து ஓட்டுநர் ஒரு கழகத்திலிருந்து இன்னொரு கழகத்துக்குப் போய் மறுநாளே வண்டி எடுக்கலாம். ஏடிஆர் ஓட்டத் தகுதி பெற்றவர் ஏர்பஸ் ஓட்ட வேண்டுமென்றால், அந்த வகை விமானத்துக்கென்றே உள்ள டைப் ரேட்டிங் பயிற்சியைத் தனியாக முடிக்க வேண்டும். அதன் செலவு இலட்சங்களில். பல நேரம் விமானியின் கையிலிருந்துதான் போகும். அங்கே பணிமூப்புப் பட்டியலில் கடைசியில்தான் பெயர் ஏறும். வாகைக்குளத்தின் ஓடுபாதை நீள நீள, சிறிய விமானத்துக்கான தேவை இங்கே குறையும் வாய்ப்பு உண்டு. அப்போது விமானத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், விமானியை மாற்றுவதைப் பற்றி ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரிதான் இருக்கும்.

“இலட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்காக அழச் சொல்கிறீர்களா, இங்கே முக்கூடலில் பீடி சுற்றுகிற பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்” என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. பீடித் தொழிலாளியின் கூலியைப் பற்றியும் நான் எழுதத் தயார். ஆனால் சம்பளத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் வாங்கவும் பிறகு டைப் ரேட்டிங் முடிக்கவும் சேர்த்து அரைக் கோடிக்குக் குறையாமல் ஆகிறது. எங்கள் அண்ணன் அதற்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தார். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே மாதத் தவணை தொடங்கிவிட்டது. உறுதிச் சம்பளம் குறைகிற மாதத்தில் தவணை குறையாது என்பதை நான் எத்தனையோ கடன்காரர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன். அதற்கு மேல், ஆண்டுதோறும் உடற்தகுதிச் சோதனை, ஆறு மாதத்துக்கொருமுறை திறன் சோதனை. எதில் தவறினாலும் தரையில்தான்.

அனுதாபத்தை விட்டுவிடுவோம், பின்னால் உட்கார்ந்திருக்கிற நம்முடைய கழுத்தைப் பற்றிப் பேசுவோம். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் கியூ400 விமானம் விழுந்து, தரையில் இருந்த ஒருவரோடு சேர்த்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கைக்குத் தலைமை விமானி நேர்மாறாகச் செயல்பட்டதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் அதே விசாரணையில் வேறொன்றும் வெளியே வந்தது. சொற்பச் சம்பளம் வாங்கிய துணை விமானி, சியாட்டில் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து, நாட்டின் மறுகோடியில் இருந்த நியூவார்க் நகருக்கு வந்து, பணியாளர் அறையில் கண்ணயர்ந்துவிட்டு அந்த விமானத்தில் ஏறியிருந்தார். அதற்குப் பிறகுதான் அங்கே பணிநேரம், ஓய்வு, அனுபவ மணிநேரம் எல்லாவற்றுக்கும் விதிகள் இறுகின. நம் நாட்டிலும் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியும், இரவில் இறங்கும் எண்ணிக்கையைக் குறைத்தும் புதிய விதிகள் வந்தன. 2025 டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ அதற்குத் தயாராகாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, டிஜிசிஏ அந்த நிறுவனத்துக்குத்தான் தற்காலிகமாக விதியைத் தளர்த்திக் கொடுத்தது. பறந்தால்தான் காசு என்று ஒப்பந்தம் சொல்லும்போது, களைப்பாக இருக்கிறது, நான் பறக்க முடியாது என்று சொல்வது கடினம். அந்தக் கடினத்தை அந்தத் தளர்வு இன்னும் கூட்டியது.

நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எரிபொருள் செலவு, டாலரில் கட்டும் விமான வாடகை, பெரிய நிறுவனங்களின் கட்டணப் போட்டி எல்லாம் உண்மைதான். சிறிய விமான நிறுவனங்களில் ஏர் பெகாசஸ் 2016-இல் நின்றது, ஏர் கோஸ்டா 2017-இல், ட்ரூஜெட் 2022-இல். சேலத்துக்கு 2018-இல் தொடங்கிய சேவை 2021-இல் நின்று, 2023 அக்டோபரில்தான் வேறு நிறுவனங்களால் மீண்டும் வந்தது. சிறிய ஊர்த் தடங்களுக்கு மானியம் தரும் உடான் திட்டத்தைத் தணிக்கை செய்த மத்தியத் தணிக்கைத் துறை 2023-இல் தந்த அறிக்கை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 371 மட்டுமே தொடங்கின, அவற்றில் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முடித்தவை 112, அதற்குப் பிறகும் ஓடியவை 54. மூன்றாண்டு மானியத்தை நம்பித் திறக்கிற தடத்துக்கு, ஐந்தாண்டுக் கடனை நம்பி வருகிற இளைஞர்களை விமானியாக அமர்த்துகிறோம். கூட்டிக் கழித்துப் பார்க்கிற எவருக்கும் இதில் இடிக்கிற இடம் தெரியும்.

நிறுவனம் முழுவதுமாக மூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெட் ஏர்வேஸ் போதும். 2019 ஏப்ரலில் நின்ற நிறுவனத்தை, 2024 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. ஐந்தரை ஆண்டு. கலைப்பில் கிடைக்கும் பணத்தைப் பங்கிடும்போது, ‘தொழிலாளர்’ என்ற வகையில் வருபவரின் 24 மாத நிலுவை, ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்களுக்குச் சமமான வரிசையில் நிற்கும். மற்ற ஊழியரின் நிலுவை 12 மாதத்துக்கு மட்டும், அதுவும் அதற்குக் கீழே. விமானி தொழிலாளரா, மேற்பார்வையாளரா என்று பலமுறை நீதிமன்றம் போய் வாதாடிய கேள்விக்கு இங்கேயும் எடை உண்டு. விமானத்தைக் கையால் ஓட்டுகிறவர் தொழிலாளர் இல்லையென்றால் யார்தான் தொழிலாளர் என்பது என் கட்சி.

நம் மண்ணுக்குக் கட்டணப் போட்டி புதிதில்லை. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வீழ்த்த, ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணமும் கூடவே ஒரு குடையும் கொடுத்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதே வ.உ.சி. 1908-இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார் என்பதை அவ்வளவாகச் சேர்த்துப் படிப்பதில்லை. கம்பெனி நடத்துகிற நெருக்கடியை அறிந்த ஒருவர், அதைக் காரணம் காட்டித் தொழிலாளியின் கூலியைக் கீழே தள்ளலாம் என்று நினைக்கவில்லை.

வாகைக்குளத்துக்குக் கூடுதல் விமானம் கேட்டு எங்கள் பகுதியில் சிலர் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். போடுகிறேன், ஆனால் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மானியம் பெறுகிற தடங்களில், விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் சம்பள நிலுவை இல்லை என்ற சான்று பார்த்த பிறகே அடுத்த தவணை மானியத்தை விடுவிக்க வேண்டும்; நிறுவனம் சம்பளத்தையோ பணி நிபந்தனையையோ விமானிக்குப் பாதகமாக மாற்றினால், எந்த நாளில் மாற்றினாலும், அன்றிலிருந்து முன்னறிவிப்புக் கட்டாயம் அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று டிஜிசிஏ விதியைத் திருத்த வேண்டும். இரண்டு கோரிக்கைதான். மனுவின் நீளம் கூடிவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். மாவட்டத்தில் விமானிகளைப் பெற்ற குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பத்தி மனுவில் நிற்க வேண்டும் என்று நீங்களும் அவர்களிடம் சொல்லுங்கள்.